நான்காம் கொட்டகையின் கழிவு மேசை

ஹோபி, தைனான், தைவான்
மார்ச் 12

அஞ்சலகச் சான்றுக் கடிதம். மூன்று பிரதிகள். ஒன்று தங்களுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று அஞ்சலகத்தின் பெட்டிக்கு.

பெறுநர்: வெங் பெய்யுன், சின்சூ. அனுப்புநர்: வெங் சிங்தாங், ஆர்க்கிட் வளர்ப்பவன், தங்களின் அண்ணன்.

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். இங்கு எல்லோரும் நலம், ஒரு செடியைத் தவிர.

நடந்ததைச் சொல்கிறேன். மார்ச் 7 முதல் 9 வரை நான் கண்காட்சியில் இருந்தேன். ஒன்பதாம் தேதி காலையில் வெளிநாட்டு ஆட்கள் சிலர் மதியம் தோட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். தங்கள் கம்பெனி கொடுத்த, தாங்களே புத்தாண்டு விடுமுறையில் வந்து பொருத்திய அந்தக் கணினி ஏஜென்டுக்குக் கைபேசியில் ஒரு வரி எழுதினேன்: 'விருந்தாளிகள் வருகிறார்கள், நான்காம் கொட்டகையைச் சுத்தமாக வை.' அது, கழித்த செடிகள் வைக்கும் கழிவு மேசையை உருட்டிக்கொண்டு போய், அவற்றை அவித்து அழிக்கும் நீராவி அறைக்குள் தள்ளிவிட்டது. மேசையில் இருந்த நாற்பது தொட்டிகளும் வெந்துபோயின. அவற்றில் ஒன்று 219.

219 எது என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அஞ்சலகப் பெட்டிக்காகச் சொல்கிறேன். பதினொரு வருடம் கலப்புச் செய்து வளர்த்து, ஆயிரம் நாற்றில் ஒன்றாகக் கிடைத்தது. பச்சை இதழ், கருஞ்சிவப்புப் புள்ளி, உள்ளங்கை அகலப் பூ, அதில் மணம். உலகத்திலேயே அந்த ஒரு தொட்டிதான். ரக உரிமைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. நவம்பரில் பரிசோதகர் வரும்போது உயிரோடு செடியைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் விண்ணப்பம் செத்தது.

ஏஜென்ட் எதை எப்போது செய்ய வேண்டும் என்று எழுதிவைத்தது தாங்கள். அந்தக் குறிப்பு தவறு என்று கையெழுத்திட்டு ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் தங்கள் கம்பெனிக்கு நான்காவது பிரதி போகும்.

இந்தப் படிவத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்துதான் எழுதலாமாம். திட்டுவதற்கு இடம் போதவில்லை.

வெங் சிங்தாங் (முத்திரை)


சின்சூ
மார்ச் 16

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

கட்டம் போட்ட தாளில் தங்கையின் நலம் விசாரித்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். நலமாகவே இருக்கிறேன். அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கைபேசியில் என்னைத் தடுத்து வைத்திருப்பதால் இதையும் தபாலில்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

219 போன செய்தியைப் படித்துவிட்டு ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. அதை நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் வேண்டாம்.

ஏஜென்டுக்குக் கண் கிடையாது. மேசையை உருட்டுவது, தண்ணீர் விடுவது, விசிறி போடுவது என்று ஒவ்வொன்றும் அதற்கு ஒரு கருவி. ஒவ்வொரு கருவிக்கும் நாங்கள் ஒரு குறிப்பு எழுதிவைப்போம். நீங்கள் ஒன்று சொன்னதும் அது குறிப்புகளைப் படித்து, இதுதான் பொருந்தும் என்று ஒன்றை எடுக்கும். குறிப்பில் இருப்பதுதான் அதற்கு உலகம். அந்தக் கருவிக்கு நான் எழுதிய குறிப்பு இதோ: 'மேசையை அகற்று. கழிவு மேசையைக் கொட்டகையிலிருந்து அகற்றும்.' நீங்கள் சுத்தம் செய்யச் சொன்னீர்கள். அது கழிவை அகற்றியது. இதில் பொய் எங்கே இருக்கிறது?

கையெழுத்துப் போடமாட்டேன். போட்டால் என் வேலைக்கு நானே தீ வைத்த மாதிரி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உலகத்திலேயே ஒன்றாக இருந்த செடி கழிவு மேசையில் என்ன செய்துகொண்டிருந்தது?

பெய்யுன்


ஹோபி
மார்ச் 22

பெய்யுனுக்கு,

எனக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது, கோபத்தில் பசி மட்டும் இல்லை. அண்ணியின் முழங்கால் அப்படியேதான். உன் கேள்வியைப் படித்துவிட்டு அவளே, "அவகிட்ட இனிமே எதுவும் கேக்காதீங்க, எழுதவும் எழுதாதீங்க"ன்னு சொல்லிவிட்டாள். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உன் குறிப்பைப் படித்தபிறகு வாய் சும்மா இருக்கவில்லை.

இரண்டே வரி. அதற்குத்தான் அத்தனை படிப்பும் அத்தனை வருட வேலையுமா? வியட்நாமிலிருந்து போன மாதம் ஒரு பெண் வேலைக்கு வந்தாள். எங்கள் மொழி அரைகுறை. அவளை முதல் நாளே நீராவி அறை வாசலில் நிறுத்தி, "இதுக்குள்ள போனது உயிரோட திரும்பாது, என்னைக் கேக்காம கதவைத் தொடாதே"ன்னு சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. உன் பொம்மைக்கு அதை யாரும் சொல்லவில்லை. 'அகற்றும்' என்றாய். எங்கே அகற்றும்? பக்கத்துக் கொட்டகைக்கா, எமனிடத்துக்கா? நீ எழுதாமல் விட்ட இடத்தில்தான் என் பதினொரு வருடமும் வெந்துபோனது.

நான்காவது பிரதியை நேற்று உன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன்.

சிங்தாங்


சின்சூ
ஏப்ரல் 8

அண்ணாவுக்கு,

நம் முன்னோர் கல்லறைக்குப் போனேன். நான் போவதற்குள் நீ வந்து புல்லைச் செதுக்கி, ஊதுவத்தி ஏற்றி, கிளம்பியும் போயிருந்தாய். வருடத்தில் ஒரு நாள் சேர்ந்து நிற்கிற இடத்தில்கூட என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சரி. உன் உடம்பைப் பார்த்துக்கொள், பசியில்லாமல் கிடந்து அண்ணியை வாட்டாதே.

நீ என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அதனால் நான் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன்.

புத்தாண்டின் நான்காம் நாள். உன் வீட்டுச் சமையலறையில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ பால்கெண்டைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு கருவியாக உன்னைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். கழிவு மேசையைப் பற்றி மூன்று விஷயம் கேட்டேன். அதில் எப்போதாவது வேண்டிய செடி இருக்குமா, அனுப்பும்முன் ஆளைக் கேட்க வேண்டுமா, தப்பாகப் போனால் பாதியில் நிறுத்த முடியுமா. நீ கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "குப்பைக்கு எதுக்கு நாலு வரி? அகத்துன்னு போடு, போதும்"னு சொன்னாய். நான் எழுதியிருந்த ஒன்பது வரியையும் அழித்தேன். அழித்தது என் தப்பு. ஆனால் குப்பை என்று சொன்னது நீ.

அன்றைக்கு 219 அந்த மேசையில்தான் இருந்ததா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வயிற்றில் வைத்திருந்து பயனில்லை. அந்தக் கலப்புக்குப் பல்குத்தும் குச்சியால் மகரந்தம் எடுத்து வைத்தது என் கை. விதைச்சீட்டில் இரண்டு பெயர் இருந்தது. போட்டி நாற்றுக் கம்பெனியில் வேலை செய்கிறவரை நான் கட்டிக்கொண்ட வருடம் நீ புதுச்சீட்டு எழுதினாய், அதில் ஒரு பெயர்தான். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது, செத்தபிறகு, அதற்கு நான் பொறுப்பாளி ஆகிவிட்டேன்.

பெய்யுன்


ஹோபி
மே 3

பெய்யுனுக்கு,

பதில் எழுத இத்தனை நாளானது கையில் அடிபட்டதால் அல்ல. மனம் வரவில்லை, அவ்வளவுதான். நீயும் உன் வீட்டாரும் சுகமாகவே இருப்பீர்கள், உங்களுக்கென்ன குறை.

ஆமாம். அன்றைக்கு அது அந்த மேசையில்தான் இருந்தது. மூன்றாம் வரிசையில், 'கழிவு' என்று சீட்டுக் குத்தி நானே வைத்தேன்.

கண்காட்சிக் காலத்தில் கண்ட பேரும் தோட்டத்துக்குள் வருவார்கள், ஒரு கணுவைக் கிள்ளினால் போதும், இரண்டு மூன்று வருடத்தில் கிள்ளியவன் தோட்டத்தில் அந்தப் பூ நிற்கும். அதனால் தாய்ச்செடியைக் குப்பையோடு குப்பையாக ஒளித்து வைப்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். உனக்குத் தெரியாததா? ஆனால் நான் ஒளித்தது வாங்க வருகிறவர்களிடமிருந்து அல்ல.

இரண்டாம் நாள், நீங்கள் இருவரும் புத்தாண்டுக்கு வந்திறங்கிய அன்று சாயங்காலம் 219க்குத் தண்ணீர் விடப் போனேன். பூங்காம்பின் நுனி இல்லை. மூன்று கணுவோடு போயிருந்தது. வெட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா? கத்தரியை நெருப்பில் காட்டி, கணுவுக்குக் கீழே விரலளவு விட்டு, சாய்த்து வெட்டியிருந்தது. கண்டவன் வெட்டமாட்டான். தொழில் தெரிந்தவன் வெட்டியது. அன்று என் வீட்டில் தொழில் தெரிந்த வெளியாள் ஒருத்தன்தான், உன் வீட்டுக்காரன் வென்லி. அவன் கம்பெனிக்காரன் கேட்டால் எதையும் கொண்டுபோய்க் கொடுப்பான்.

என் தங்கை வீட்டுக்காரனைத் திருடன் என்று புத்தாண்டில் சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு செடியை மாற்றி வைத்தேன். நீ கேட்டபோது குப்பை என்றேன். உன்னிடம் சொன்னால் அவன் காதுக்குப் போகும்.

இப்போது சொல், யார் பொறுப்பு?

சிங்தாங்


சின்சூ
மே 10

அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். வென்லி அதைத் தொடவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி இப்போது எழுதமாட்டேன்.

உன் நான்காவது பிரதி வேலை செய்துவிட்டது. மேலதிகாரி அதை மேசையில் விரித்து வைத்து, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக இருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினார். பதவி போயிற்று. ஆளை மட்டும் வைத்திருக்கிறார்கள். கம்பெனியில் இருக்கிற நானூறு குறிப்பையும் முதலிலிருந்து திருத்தி எழுத வேண்டும், அதுதான் தண்டனை. உனக்குத் திருப்தியாக இருக்கட்டும்.

உன் கருவியில் ஆரம்பித்திருக்கிறேன். புதுக் குறிப்பு: 'மேசையை நீராவி அறைக்கு அனுப்பு. கழிவு மேசையை நீராவி அறைக்குக் கொண்டுபோகும். அங்கே நோய்க்கிருமி ஒழிப்பு நடைபெறும். இச்செயல் மீளாதது. உரிமையாளரின் ஒப்புதலுக்குப் பின்னரே பயன்படுத்தவும்.' குறை சொல்வதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை. சொல்.

பெய்யுன்


ஹோபி
ஜூன் 1

பெய்யுனுக்கு,

மழை பிடித்துக்கொண்டது, அண்ணிக்கு முழங்கால் கூடுதல். நீ குடை எடுத்துக்கொண்டு போ, உங்கள் ஊர்க் காற்றுக்கு நிற்காது என்றாலும்.

குறிப்பைப் படித்தேன். இதை எழுதியதற்கு உன்னை இன்னொரு படி இறக்கியிருக்கலாம். 'நோய்க்கிருமி ஒழிப்பு' என்றால் என்ன? கேட்டால் ஏதோ வைத்தியம் மாதிரி இருக்கிறது. செடிக்கு நோய் என்று நான் சொன்னால் உன் பொம்மை குணப்படுத்துகிறேன் என்று கொண்டுபோய் உள்ளே தள்ளும். 'செடி சாகும்' என்று எழுது. சாவுக்கு எதற்கு அலங்காரம்?

'மீளாதது' போதாது. கதவு மூடி இரண்டு நிமிடம் ஆனால் நிறுத்தினாலும் பயனில்லை என்று எழுது. சுத்தம் செய், ஒழுங்குபடுத்து, விருந்தாளி வருகிறார்கள் என்றெல்லாம் சொன்னால் இந்தக் கருவி அல்ல, மேசையைப் பின்கொட்டகைக்கு நகர்த்துகிற கருவி என்று அதையும் பெயரோடு எழுது. அனுப்பும்முன் எத்தனை தொட்டி, என்னென்ன சீட்டு என்று எனக்குச் சொல்லி, நான் 'சரி' என்றபிறகுதான் போக வேண்டும். உரிமையாளன் என்றால் யார்? பெயரைப் போடு. சிங்தாங், அவன் இல்லாவிட்டால் உன் அண்ணி யாச்சின். நீ இல்லை.

வென்லி தொடவில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் யார் தொட்டது?

சிங்தாங்


ஹோபி
ஜூலை 29

பெய்யுனுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. புயலில் இரண்டாம் கொட்டகைக் கூரை போயிற்று, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. உங்கள் பக்கமும் காற்று என்று செய்தியில் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறாயா என்று யாச்சின் கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

பரிசோதகரிடமிருந்து தேதி வந்துவிட்டது, நவம்பர் 18. விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்கிறார்கள். படிவம் மேசையில் கிடக்கிறது. கையெழுத்துப் போட நாலு தடவை பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

என் கேள்வி அப்படியே இருக்கிறது.

சிங்தாங்


சின்சூ
செப்டம்பர் 24

அண்ணாவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன் என்று அண்ணியிடம் சொல். பார்சலைக் குலுக்காதே. முதலில் இதைப் படி, பிறகு திற.

தொழில் தெரிந்தவன் வெட்டினான் என்று எழுதினாய். தொழில் தெரிந்தவள் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் எரிந்துகொண்டிருந்தேன், அண்ணா. உன் பக்கத்தில் நின்று பதினான்கு வருடம் கத்தரி பிடித்தவள் நான். வீட்டில் யார் யாருக்குத் தொழில் தெரியும் என்று நீ எண்ணியபோது அந்தக் கணக்கிலேயே நான் இல்லை.

இரண்டாம் நாள் காலையில் நான்தான் வெட்டினேன். அண்ணியின் சமையலறைக் கத்தரியை அடுப்பில் காட்டி வெட்டினேன். அண்ணி ஊருக்குக் கட்டிக் கொடுத்த வெங்காயத்தாள் கட்டுக்குள் ஈரக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டு வந்தேன். வென்லிக்கு அது என்னவென்று ஏப்ரல் வரை தெரியாது. விற்க எடுக்கவில்லை. என் கையால் உண்டான பூ என் வீட்டுப் பால்கனியில் ஒரு முறையாவது பூக்கட்டும் என்று எடுத்தேன். கேட்டிருந்தால் தந்திருப்பாயா? தந்திருக்கமாட்டாய். அதனால் திருடினேன்.

மூன்று கணு. இரண்டு அழுகிவிட்டது. மூன்றாவது ஏப்ரலில் கண் திறந்தது. அது பிழைக்குமா என்று தெரியாமல் உன்னிடம் சொல்ல பயமாக இருந்தது. சொல்லி, அதுவும் செத்துவிட்டால், உனக்கு இரண்டு தடவை சாவு. வேர் வரட்டும் என்று காத்திருந்தேன். நான் வெட்டினேன், அதனால் நீ ஒளித்தாய், ஒளித்ததால் குப்பை என்றாய், நான் அதை அப்படியே எழுதினேன். எல்லாம் என் கத்தரியில் ஆரம்பித்தது. மார்ச்சில் கேட்ட கையெழுத்தை இப்போது போடுகிறேன், கீழே.

நீ சொன்ன திருத்தமெல்லாம் அப்படியே ஏற்றிவிட்டார்கள். 'செடி சாகும்' என்பதைப் படித்துவிட்டு மேலதிகாரி சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. நானூறு குறிப்பிலும் அப்படித்தான் எழுதுகிறோம். பார்சலுக்கும் ஒன்று எழுதியிருக்கிறேன், குறை இருந்தால் சொல்:

'219-இன் குட்டி. மூன்று இலை, நான்கு வேர், ஒரு வேரின் நுனி உடைந்திருக்கிறது. தாயும் இதுவும் ஒன்றே. பூக்க இரண்டு வருடம் ஆகும். பரிசோதகரிடம் காட்டவும், ஆய்வகத்துக்குக் கொடுக்கவும், வளர்க்கவும் பயன்படும். கோபத்தில் தூக்கி எறியப் பயன்படாது. இதற்கு இன்னொரு பிரதி இல்லை, நான் வைத்துக்கொள்ளவில்லை. எறிந்தால் செடி சாகும்.'

வெங் பெய்யுன் (முத்திரை)


ஹோபி
அக்டோபர் 16

திருடிக்கு,

இங்கு எல்லோரும் நலம். இந்த முறை யாரையும் தவிர்க்கவில்லை.

பார்சல் வந்த அன்று கூடத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தை யாச்சினுக்கு வாசித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன், மீதியை அவள்தான் வாசித்தாள். "வெங்காயத்தாள் கட்டிக் குடுத்தது நான், என்னையும் கூட்டாளி ஆக்கிட்டாளே"ன்னு அழுதாள், பிறகு சிரித்தாள். கோபம் எனக்குப் போகவில்லை. ஆறு மாதம் என்னைக் கருமாதி செய்ய விட்டாய். இன்னும் இரண்டு வருடத்துக்கு உன்னைத் திட்டுவேன், பூக்கும்வரை.

உடைந்த வேர்நுனி ஆறிவிட்டது. புது வேர் ஒன்று விட்டிருக்கிறது. பரிசோதகருக்குப் படம் அனுப்பிப் பேசினேன், நவம்பரில் செடியைக் காட்டினால் பூக்கும்வரை தள்ளி வைப்பார்களாம். திரும்பப் பெறும் படிவத்தைக் கிழித்துப் போட்டேன். நீ போட்ட கையெழுத்தையும் கிழித்தேன். மார்ச்சில் எழுதிய கடிதத்தையும் திரும்ப வாங்கலாமென்று அஞ்சலகத்துக்குப் போனேன். பெட்டியில் இருப்பதைத் தரமாட்டார்களாம், மூன்று வருடம் அப்படியே கிடக்குமாம். அனுப்பும்முன் அந்தப் படிவத்தின் தலையில் யாராவது நாலு வரி எழுதிவைத்திருக்கலாம். வென்லிக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அதை நீ படிக்கக் கூடாது.

உன் குறிப்பைச் சோதித்தேன். முதலில் காலித் தொட்டிகளை வைத்து, 'விருந்தாளிகள் வருகிறார்கள், சுத்தமாக வை' என்று அதே வரியை எழுதினேன். மேசையைப் பின்கொட்டகைக்குத்தான் நகர்த்தியது. மறுநாள் 'கழிவை நீராவிக்கு அனுப்பு' என்றேன். 'நாற்பது தொட்டிகள், எல்லாவற்றிலும் கழிவுச் சீட்டு. உள்ளே போனால் செடி சாகும். சிங்தாங், அனுப்பட்டுமா?' என்று கேட்டது. வேண்டாம் என்றேன். அசையவில்லை. ஒரு வாரம் நாளுக்கு மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன், ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அதனால் குட்டியை அங்கேயே வைத்திருக்கிறேன். நான்காம் கொட்டகை, கழிவு மேசை, மூன்றாம் வரிசை, சுவர்ப்பக்கமிருந்து இரண்டாவது தொட்டி. இது தெரிந்தவர்கள் இப்போது நீயும் நானும்தான், யாச்சினிடம்கூடச் சொல்லவில்லை. சீட்டில் 'கழிவு' என்று இருக்கும். அதைத் திருப்பிப் பார். பின்பக்கத்தில் பழைய விதைச்சீட்டில் இருந்தபடியே எழுதியிருக்கிறேன், இரண்டு பெயர்.

புத்தாண்டின் இரண்டாம் நாள் சீக்கிரமே வந்துவிடு. கத்தரி கொண்டுவராதே, இங்கே இருக்கிறது.

அண்ணன்